லினக்ஸில் டிஸ்க்கை மவுன்ட் செய்வதும், பத்திரமாகக் கழற்றுவதும்

ரிட்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்த பென் டிரைவை உபுண்டு டெஸ்க்டாப்பில் செருகினால் தானாகவே மவுன்ட் ஆகிவிடும் (ஒரு ஃபோல்டர் வழியாகத் திறந்து பார்க்கும்படி சிஸ்டத்தோடு இணைந்துவிடும்), நமக்கு வேலையே இல்லை. டெர்மினல் மட்டும் இருக்கிற சர்வரில்தான் எல்லாம் கைவேலை. (கமாண்டுகளை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது வழக்கம்போல் ஆங்கில எழுத்துதான்.)

டிஸ்க்கைச் செருகுவதற்கு முன் ஒருதரம், செருகிய பின் ஒருதரம் எல்எஸ்பிஎல்கே (டிஸ்க்குகளைப் பட்டியலிடும் கமாண்ட்) அடித்துப் பாருங்கள், புதிதாக வந்தது எது என்று தெரிந்துவிடும். எஸ்டிபி1 என்று வைத்துக்கொள்வோம். அதை மாட்ட ஒரு ஃபோல்டர் வேண்டும்:

சுடோ எம்கேடிர் /எம்என்டி/டிஸ்க்
சுடோ மவுன்ட் /டெவ்/எஸ்டிபி1 /எம்என்டி/டிஸ்க்

ஃபோல்டர் காலியாக இருப்பது நல்லது. உள்ளே ஏற்கெனவே ஃபைல் இருந்தால் அழியாது, டிஸ்க்கைக் கழற்றும் வரை கண்ணில் படாது, அவ்வளவுதான். விண்டோஸில் ஓடிய என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் எழுத முடியவில்லையா? அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு முழுசாக ஷட்டவுன் செய்து எடுத்து வாருங்கள்.

கழற்றுவதில்தான் ஆளாளுக்கு அவசரம். காப்பி முடிந்தது என்று திரையில் வந்தாலும் டேட்டா இன்னும் ரேமிலேயே இருக்கலாம், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன் சௌகரியத்துக்கு மெதுவாகத்தான் டிஸ்க்கில் எழுதும், அதனால்தான் பென் டிரைவின் விளக்கு அப்போதும் மினுக்கிக்கொண்டே இருக்கிறது. சுடோ யூமவுன்ட் /எம்என்டி/டிஸ்க் அடியுங்கள் (நடுவில் 'என்' கிடையாது), எழுத வேண்டியதை எழுதி முடித்த பிறகுதான் ப்ராம்ப்ட் திரும்பி வரும். பெரிய ஃபைல் என்றால் சில நிமிஷம் ஆகும், அதுவரை கையை வைக்காதீர்கள்.

"டார்கெட் இஸ் பிஸி" என்று அடம்பிடித்தால் பெரும்பாலும் குற்றவாளி நீங்களேதான்: ஏதோ ஒரு டெர்மினலில் அந்த ஃபோல்டருக்குள் சிடி செய்து உட்கார்ந்திருப்பீர்கள். வெளியே வாருங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் சுடோ எல்எஸ்ஓஎஃப் /எம்என்டி/டிஸ்க், எந்த ப்ராசஸ் பிடித்துவைத்திருக்கிறது என்று பெயரோடு காட்டும், அதை மூடுங்கள். யூமவுன்ட் -எல் போடச் சொல்லி யாராவது வருவார்கள். அது ஃபோல்டரை மட்டும் பார்வையிலிருந்து எடுத்துவிடும், பின்னால் எழுதுவது நடந்துகொண்டே இருக்கலாம், அதை நம்பி டிஸ்க்கைப் பிடுங்கினால் டேட்டா போச்சு.

ரீபூட்டுக்குப் பிறகும் டிஸ்க் தானாக வர வேண்டுமானால் /ஈடிசி/எஃப்எஸ்டேப் என்ற ஃபைலில் ஒரு வரி சேர்க்க வேண்டும். எஸ்டிபி1 என்று எழுதாதீர்கள், அந்தப் பெயர் அடுத்த பூட்டில் மாறலாம். பிஎல்கேஐடி கமாண்ட் காட்டும் யூயூஐடியை (அதற்கே உரிய அடையாள எண்) போடுங்கள். கூடவே நோஃபெயில் என்ற ஆப்ஷனும் வேண்டும். இல்லாவிட்டால், டிஸ்க் கிடைக்காத அன்று பூட்டை நடத்தும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். சர்வர் சிறுசேரியில், நீங்கள் தாம்பரத்தில் என்றால் தொலைவிலிருந்து உள்ளே நுழைய எஸ்எஸ்எச்சும் வராது, வண்டியை எடுக்க வேண்டியதுதான். அதனால் சேவ் செய்ததும் ரீபூட் கொடுக்காமல் முதலில் சுடோ மவுன்ட் -ஏ அடித்துப் பாருங்கள், வரியில் தப்பு இருந்தால் பெரும்பாலும் அங்கேயே கத்தும்.