என்டர் தட்டிப் பக்கத்தைத் தள்ளாதீர்கள்

புது அத்தியாயம் புதுப் பக்கத்தில் வர வேண்டும் என்பதற்காக என்டரைப் பத்துப் பதினைந்து முறை தட்டித் தலைப்பைக் கீழே இறக்குகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். அப்போதைக்குச் சரியாகத்தான் தெரியும். அப்புறம் முன்னால் எங்கோ நாலு வரி சேர்த்தால் தலைப்பு பக்கத்தின் நடுவில் போய் நிற்கும், நாலு வரி எடுத்தால் முந்தைய பக்கத்தின் அடியில் ஒட்டிக்கொள்ளும், ஃபான்ட் அளவை மாற்றினால் எல்லா அத்தியாயங்களையும் திரும்ப உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும்.

தலைப்பின் முதல் எழுத்துக்கு முன்னால் கர்சரை வைத்து, கன்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து அழுத்துங்கள். அங்கே ஒரு பேஜ் பிரேக் விழும், அதாவது பக்கம் இத்தோடு முடிகிறது என்று சொல்லும் குறி, தலைப்பு புதுப் பக்கத்துக்குப் போய்விடும். வேர்டு, லிப்ரே ஆபிஸ் ரைட்டர், கூகுள் டாக்ஸ் மூன்றிலும் இதுதான். மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்.

நீக்குவதில்தான் பலர் திணறுகிறார்கள், ஏனென்றால் பிரேக் கண்ணுக்குத் தெரிவதில்லை. வேர்டில் ஹோம் டேபில் உள்ள ¶ பட்டனை அழுத்துங்கள். பேஜ் பிரேக் என்று எழுதிய ஒரு புள்ளிக்கோடு தெரியும், அதற்கு முன்னால் கர்சரை வைத்து டெலீட் கொடுத்தால் போய்விடும். ரைட்டரில் புதுப் பக்கத்தின் முதல் எழுத்துக்கு முன்னால் நின்று பேக்ஸ்பேஸ் தட்டினால் போதும்.

நாலைந்து பக்கக் கடிதத்துக்கு இவ்வளவு போதும். ஆனால் ஆய்வேடு, புத்தகம் மாதிரி நீளமான கோப்பு என்றால் கையால் பிரேக் போடவே வேண்டாம் என்பேன், அந்த வேலையைத் தலைப்பின் ஸ்டைலிடமே, அதாவது ஒரு பெயரில் சேமித்து வைத்த எழுத்து, பத்தி அமைப்பிடமே, விட்டுவிடுங்கள். வேர்டில் ஹோம் டேபில் ஸ்டைல்கள் வரிசையில் உள்ள ஹெடிங் 1 மேல் ரைட் கிளிக் செய்து மாடிஃபை, ஃபார்மேட், பாராகிராஃப் என்று போய், லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ் டேபில் 'பேஜ் பிரேக் பிஃபோர்' பெட்டியை டிக் செய்யுங்கள். இனி ஹெடிங் 1 கொடுத்த ஒவ்வொரு தலைப்பும் தானாகவே புதுப் பக்கத்துக்குப் போகும், அத்தியாயங்களை முன்பின்னாக மாற்றினாலும் குலையாது. ஏற்கெனவே கையால் போட்ட பிரேக்குகளை மட்டும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் நடுவில் வெற்றுப் பக்கம் வந்துவிடும். தலைப்பு பக்கத்தின் அடியில் தனியாக மாட்டிக்கொள்கிறது என்பதுதான் பிரச்சினை என்றால் பிரேக்கே தேவையில்லை, தலைப்பை அடுத்த பத்தியோடு சேர்த்தே வைக்க அதே டேபில் 'கீப் வித் நெக்ஸ்ட்' இருக்கிறது.

ஒரு பக்கத்தை மட்டும் படுக்கைவாக்கில் திருப்ப வேண்டுமா? அதற்கு செக்ஷன் பிரேக், கோப்பைத் தனித்தனிப் பக்க அமைப்புள்ள பகுதிகளாகப் பிரிப்பது. அதை நீக்கும்போது கவனமாக இருங்கள், மேலே உள்ள பகுதி கீழே உள்ள பகுதியின் அமைப்பை எடுத்துக்கொள்ளும், நேராக இருந்த பக்கங்களும் படுத்துவிடும்.

பிரேக்கே இல்லாமல் கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம் வந்து நிற்கிறது என்றால், கோப்பு அட்டவணையில் முடிகிறதா என்று பாருங்கள். அட்டவணைக்குக் கீழே வேர்டு ஒரு வெற்றுப் பத்தியைக் கட்டாயம் வைக்கும், அழிக்க முடியாது. அந்த ¶ குறியைத் தேர்ந்தெடுத்து ஃபான்ட் அளவை 1 ஆக்கினால் அது பெரும்பாலும் மேலே ஏறி அடங்கிவிடும்.