பிவட் டேபிளை விட்டுப் போகாத பழைய பெயர்கள்

கடையை மூடிவிட்ட டீலர்களின் வரிகளை மூல டேட்டாவிலிருந்தே நீக்கியாயிற்று, ரெஃப்ரெஷும் கொடுத்தாயிற்று. ஆனாலும் எக்செல்லில் அந்த டேட்டாவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளின் ஃபில்டரைத் திறந்தால் அத்தனை பேரும் சட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். "இவர்தான் போன வருஷமே கடையைக் கட்டிட்டாரே, இன்னும் ஏன் லிஸ்ட்ல இருக்கார்?" என்று மேனேஜர் கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை.

விஷயம் இதுதான்: பிவட் டேபிள் மூல டேட்டாவை நேராகப் பார்ப்பதில்லை. கேஷ் (cache) என்று ஒரு பிரதியை வைத்துக்கொண்டு அதிலிருந்துதான் கணக்குப் போடுகிறது. ஒருமுறை அதில் ஏறிய பெயர் லேசில் இறங்காது.

டேபிளுக்குள் ரைட் கிளிக் செய்து 'பிவட்டேபிள் ஆப்ஷன்ஸ்' போய், 'டேட்டா' டேபைத் திறந்தேன். 'நம்பர் ஆஃப் ஐட்டம்ஸ் டு ரீட்டெய்ன் பெர் ஃபீல்டு' என்ற இடத்தில் 'ஆட்டோமேட்டிக்' என்றிருந்தது. அதை 'நன்' (None) என்று மாற்றி, ஓகே கொடுத்து, மறுபடி ரெஃப்ரெஷ் செய்ததும் பழைய பெயர்கள் ஒழிந்தன. பழைய பெயரை அழிக்க வந்தவன், 'எத்தனை ஐட்டம் தக்கவைக்க வேண்டும்' என்ற பெட்டியில் போய்த் தேடுவான் என்று எந்தப் புண்ணியவான் நினைத்தாரோ!

கையோடு 'லேஅவுட் அண்ட் ஃபார்மட்' டேபில் 'ஆட்டோஃபிட் காலம் விட்த்ஸ் ஆன் அப்டேட்' டிக்கையும் எடுத்துவிட்டேன். ரெஃப்ரெஷ் செய்யும்போதெல்லாம் காலம் (column) அகலம் தன்னிஷ்டத்துக்கு மாறும் எரிச்சல் அதோடு நின்றது.

புது வெர்ஷன்களில் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'டேட்டா' போனால் 'எடிட் டிஃபால்ட் லேஅவுட்' இருக்கிறது. அகல விஷயத்தை அங்கேயே மாற்றி வைத்தால் இனி போடும் பிவட்களுக்கும் அது பொருந்தும். ஏற்கெனவே போட்டவற்றில் ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும்.