மென்பொருள் கோடு யார் பெயரில் இருக்கிறது?

ஸ்டார்ட்அப் தொடங்குகிறவர்கள் வெளி நிறுவனத்திடம் மென்பொருள் வேலையைக் கொடுக்கும்போது விலையைப் பார்க்கிறார்கள், டெமோவைப் பார்க்கிறார்கள். எழுதப்படும் கோடு (நிரல்) யாருக்குச் சொந்தம் என்று கேட்பதில்லை. பணம் கொடுத்தாலே நம்முடையதாகிவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி உரிமையை எழுத்தில், கையெழுத்திட்டு மாற்றித் தர வேண்டும். அதில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. “நிரந்தரமாக, உலகம் முழுவதும்” என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

அப்புறம், கோடு சேமிக்கும் கிட்ஹப், சர்வர் வாடகைக்குத் தரும் ஏடபிள்யூஎஸ், ஆப் வெளியிடும் ப்ளே ஸ்டோர் ஆகிய கணக்குகளை உங்கள் பெயரில் திறந்து, அந்த நிறுவனத்தாரை உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள்.

முழு வேலையையும் கொடுக்கும் முன், ஓடிபி லாகின் மாதிரி ஒரு சின்ன வேலையைக் காசு கொடுத்தே செய்யச் சொல்லுங்கள். முடிந்ததும் வேறொரு டெவலப்பரிடம் கொடுங்கள். அவர்கள் எழுதிய குறிப்பை மட்டும் வைத்து அவரால் தன் லேப்டாப்பில் ஓட்ட முடிய வேண்டும். நாள் முழுக்கத் திண்டாடினால், அந்த நிறுவனம் வேண்டாம்.

பணத்துக்குப் பதில் உங்கள் கம்பெனியில் பங்கு கேட்டு மென்பொருள் கட்டித் தரும் நிறுவனமா (வென்ச்சர் பில்டர்)? வேலை முடிய முடியப் பங்கு கொடுங்கள், மொத்தமாக வேண்டாம்.