டீல் டேபிளில் யாரும் டீல் பேசவில்லை

19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கதை ஒன்றைத் தமிழாக்க உட்கார்ந்தபோது, ஓர் ஏழைக் குடும்பத்தின் சமையலறையில் ‘டீல் டேபிள்’ ஒன்று கிடந்தது. கொடுக்கல் வாங்கல் பேசுகிற மேசை போலிருக்கிறது என்று ‘கணக்குப் பார்க்கும் மேசை’ என எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். நாலு பக்கம் தள்ளி, அதே மேசையை வீட்டம்மா மணல் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறாள். அப்போதுதான் உறைத்தது. டீல் என்றால் பைன், ஃபர் மாதிரி மரங்களை அறுத்த பலகை, பால்டிக் கடல் பக்கமிருந்து கப்பலில் வந்து இறங்கிய மலிவு மரம். டீல் மேசை என்று எழுதினால் ‘இவர்களிடம் காசில்லை’ என்று பொருள், மஹோகனி என்றால் இருக்கிறது. நானோ அந்தக் குடும்பத்தையே கடைக்காரர்கள் ஆக்கியிருந்தேன்.

பழைய ஆங்கிலம் படிக்கிறவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். தெரியாத சொல்லால் ஆபத்தில்லை. பிப்கின், ஈவர் என்று வந்தால் விழிப்போம், அகராதியைத் திறப்போம், முடிந்தது. காப்பர், பிளேட், கிளாஸ், ஸ்டஃப் என்று தெரிந்த முகமாக வருபவைதான் காலை வாரும். ‘துணியெல்லாம் காப்பரில் இருக்கிறது’ என்றால், துவைக்கும் அறையில் செங்கல் வைத்துக் கட்டிப் பதித்த பெரிய கொப்பரை, அடியில் நெருப்பு. கிறிஸ்துமஸ் வந்தால் புட்டிங்கைத் துணியில் மூட்டை கட்டி அதிலேயே வேகவைப்பார்கள். பிற்காலத்தில் இரும்பில் செய்தபோதும் பெயர் காப்பர்தான். நாம் எவர்சில்வரில் செய்ததையும் செம்பு என்கிறோமே, அதே கதை. திருடன் பிளேட்டைத் தூக்கிக்கொண்டு போனான் என்றால் போனது வீட்டு வெள்ளிச் சாமான். ‘கிளாஸ் இறங்குகிறது’ என்று கப்பல் கேப்டன் சொன்னால் காற்றழுத்தமானி இறங்குகிறது, புயல் வருகிறது. ஸ்டஃப் கவுன் என்பது கம்பளித் துணியில் தைத்த அங்கி. லம்பர் ரூமில் மரக்கட்டை இருக்காது, தட்டுமுட்டுச் சாமான் இருக்கும்.

கார்ன் தனி ரகம். அமெரிக்காவில் அது மக்காச்சோளம், ஆனால் பழைய இங்கிலாந்தில் தானியம், பெரும்பாலும் கோதுமை, ஸ்காட்லாந்துப் பக்கம் போனால் ஓட்ஸ். 1815இல் வந்து 1846இல் நீக்கப்பட்ட கார்ன் சட்டங்களைச் சோளச் சட்டம் என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும். அவை தானிய இறக்குமதியை மடக்கிய சட்டங்கள், அடிபட்டது ரொட்டி விலை. கார்ன்டு பீஃபிலும் சோளம் கிடையாது. மணி மணியான உப்பில் ஊறிய இறைச்சி அது, அந்த உப்பு மணிதான் கார்ன்.

இன்னொரு தவறு நம்மவர்களுக்கே உரியது. ஆங்கிலச் சொல் தமிழில் குடியேறி வேறு சாமானாக மாறியிருக்கும், நாம் அந்தச் சாமானைத் தூக்கிக்கொண்டு கதைக்குள் போய்விடுவோம். ‘கடிதத்தை பீரோவில் வைத்துப் பூட்டினார்’ என்று படித்ததும் பட்டுப்புடவையும் நகையும் வைக்கிற இரும்பு பீரோ கண்ணில் வருகிறதா இல்லையா? இங்கிலாந்தில் அது இழுப்பறைகள் வைத்த எழுது மேசை, அமெரிக்காவில் துணி வைக்கும் இழுப்பறைப் பெட்டி. டம்ளர் ஆரம்பத்தில் அடி உருண்ட கோப்பை, கீழே வைத்தால் உருண்டுவிடும், குடித்து முடித்தால்தான் விடுதலை. டீப்பாய்க்கும் டீக்கும் சம்பந்தமே இல்லை, மூன்று கால் என்ற பொருளில் இந்தியில் வழங்கிய ‘திபாய்’ அது. கேட்ட ஆங்கிலேயர்கள் டீ என்று எழுத்துக்கூட்டி எழுதி, பிறகு அந்தப் பெயரிலேயே தேயிலை வைக்கும் பெட்டி மேசையும் செய்துவிட்டார்கள்.

பெயரில் இருக்கும் பொருள் சாமானில் இருக்கும் என்றும் நம்பாதீர்கள். ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளிகூடக் கிடையாது, செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். இன்றைக்கும் அந்தப் பெயரில் குங்குமச்சிமிழ் விற்கிறார்கள், அதனால் இது கதைப் புத்தகத்துக்கு மட்டுமான எச்சரிக்கை இல்லை. ஜப்பான்டு பெட்டி ஜப்பானில் செய்ததாக இருக்க வேண்டியதில்லை, வேல்ஸின் பாண்டிபூலில் அரக்கு மெருகு ஏற்றிய தகரப் பெட்டியாகவும் இருக்கலாம். பிளாக் லெட் என்றால் கறுப்பு ஈயம், ஆனால் அதில் ஈயம் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேலில் கிடைத்ததை ஈய வகை என்றே நினைத்தார்கள், அது கரி (கார்பன்) என்று வேதியியலாளர் ஷீலே 1779இல் காட்டினார், 1789இல்தான் கிராஃபைட் என்ற பெயரே வந்தது. பழைய சிலோன் ஏற்றுமதிக் கணக்குகளில் வரும் பிளம்பேகோவும் இதுதான். இலங்கைத் தமிழிலும் இதைக் காரீயம் என்கிறார்கள், அதிலும் ஈயம் இல்லை!

சரி, இதுவரை சொன்னதில் தப்பு நடந்தால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். பழைய வீட்டுக் குறிப்புப் புத்தகங்களைப் பார்த்து எதையாவது செய்துபார்க்கும் ஆசை இருப்பவர்கள் மட்டும் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஆயில் ஆஃப் விட்ரியால் எண்ணெய் இல்லை, கந்தக அமிலம். புளூ விட்ரியால் நம் மயில்துத்தம். சுகர் ஆஃப் லெட் உண்மையிலேயே இனிக்கும், ஈய நஞ்சு. சால்ட்ஸ் ஆஃப் லெமன் என்று மைக்கறை போக்க விற்றதில் எலுமிச்சையும் இல்லை, சமையல் உப்பும் இல்லை, அது ஆக்ஸலேட் விஷம்.

அகராதி பார்க்கிறேன் என்று போனில் முதலில் வருவதை எடுத்துக்கொள்வதும் தவறுதான். அது இன்றைய பொருளைத்தான் முதலில் காட்டும். அந்தக் கதை எழுதிய காலத்து அகராதியைப் பாருங்கள், 1828இன் வெப்ஸ்டர் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, இந்தியா சம்பந்தப்பட்ட சொல்லென்றால் 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன். அதைவிட முக்கியம், அந்தச் சாமானை வைத்துக்கொண்டு அந்த ஆள் என்ன செய்கிறார் என்று இன்னும் இரண்டு பக்கம் படிப்பது. டாய்லெட் என்பது முதலில் மேசைமேல் விரிக்கும் துணி, அப்புறம் அந்த அலங்கார மேசை, அப்புறம் அலங்காரம், கடைசியில்தான் கழிவறை. ‘சீமாட்டி டாய்லெட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்’ என்று ஒரு வரி எனக்கு வந்தது. பணிப்பெண் பக்கத்தில் நின்று தலை பின்னிக்கொண்டிருந்ததால் பிழைத்தேன்.