உறைபனி எச்சரிக்கைக் கருவி: மைக்ரோகன்ட்ரோலரின் அனலாக் பக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டி, தலைகுந்தா, அவலாஞ்சி பள்ளத்தாக்குகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தும் மலைக்காய்கறியும் கருகுவதால், விடியலுக்கு முன்பே எச்சரிக்கும் கருவியைத் தாமே செய்துகொள்ள விரும்புவோருக்கு, அனலாக், டிஜிட்டல் இரண்டையும் ஒரே சில்லில் தரும் பி-சாக் (PSoC) வகை மைக்ரோகன்ட்ரோலர் (கருவியை இயக்கும் சிறு கணினிச் சில்லு) மிகவும் பொருத்தமானது. ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி), ஆப்-ஆம்ப் (சிக்னல் பெருக்கி), டைமர் ஆகியவற்றைக் கணினித் திரையிலேயே இழுத்து இணைக்க முடிகிறது. ஆனால், திரையில் சரியாக இருப்பது போர்டிலும் சரியாகவே இருக்கும் என்று நம்பிவிடுவதுதான் பெரும்பாலான பிழைகளுக்கு வேர்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ரெஃபரன்ஸ் மின்னழுத்தம், அதாவது ஏடிசி எதனோடு ஒப்பிட்டு அளக்கிறதோ அந்த மின்னழுத்தம். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் இருக்கும் என்டிசி தெர்மிஸ்டர் (குளிரக் குளிர மின்தடை கூடும் வெப்ப சென்சார்), 0 டிகிரியில் சுமார் 33 கிலோ ஓம் ஆகிறது. அதன் ஒரு முனையைக் கிரவுண்டிலும் மறுமுனையை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பேட்டரியிலும் இணைத்து, ஏடிசிக்கு மட்டும் மாறாத ரெஃபரன்ஸைக் கொடுத்து, கணக்கில் பேட்டரி 3.3 வோல்ட் என்று எழுதிவிடுகிறார்கள். குளிரில் பேட்டரி 3.0 வோல்ட்டுக்கு இறங்கிய இரவில், 0 டிகிரியை அக்கருவி ஏறத்தாழ 7 டிகிரி என்று காட்டும். பனி விழும், எச்சரிக்கை ஒலிக்காது. பல அளவீடுகளின் சராசரியை எடுப்பது இரைச்சலைக் குறைக்குமே தவிர, இந்தப் பிழையைத் தொடக்கூட செய்யாது. தெர்மிஸ்டர் சுற்றுக்கும் ஏடிசி ரெஃபரன்ஸுக்கும் ஒரே மின்னழுத்தத்தைக் கொடுங்கள்; அப்போது விகிதம் மட்டுமே கணக்கில் வருவதால், பேட்டரி இறங்கினாலும் அளவு மாறாது.

பல சென்சார்களை ஒரே ஏடிசியில் மாறி மாறிப் படிக்கும்போது, உள்ளே இருக்கும் சிறு கெப்பாசிட்டர் நிரம்பப் போதிய நேரம் தராவிட்டால், முந்தைய சென்சாரின் மிச்சம் அடுத்ததன் அளவில் கலந்துவிடும். மாதிரி எடுக்கும் நேரத்தைக் கூட்டலாம். அல்லது சில்லிலேயே இருக்கும் ஆப்-ஆம்பைப் பஃபராக (சென்சாருக்குச் சுமை தராமல் சிக்னலைக் கடத்தும் சுற்றாக) இடையில் வைக்கலாம்.

மலையில் இன்னொரு தொல்லை ஈரம். சால்டரிங் செய்தபின் துடைக்காமல் விட்ட ஃபிளக்ஸின் (சால்டர் ஒட்ட உதவும் பசையின்) மேல் மூடுபனியின் ஈரம் படிந்து, தெர்மிஸ்டருக்கு இணையாக 1 மெகா ஓம் கசிவுப் பாதை உருவானாலே, உறைநிலை அருகே அரை டிகிரிக்கு மேல் பிழை வரும். மூடிய பெட்டிக்குள்ளும் நீர் வியர்க்கும் என்பதால், போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாக உலர்த்தி, வார்னிஷ் பூசிய பிறகே தோட்டத்தில் வைக்க வேண்டும்.

சில்லின் உள் ஆஸிலேட்டரை (கடிகாரத் துடிப்பு தரும் சுற்றை) நம்பி நேரம் பதிவு செய்வதும் வேண்டாம். பி-சாக் 4 வகையில் அதன் துல்லியம் 2 சதவீதம். ஒரே நாளில் 29 நிமிடம் வரை நேரம் தவறலாம். 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்றை வெளியே சேர்த்துக்கொள்ளுங்கள்.