எடிட்டரில் நிறம் வராத ஃபைல்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் ஒரு டீ ஃபேக்டரிக்கு இலைக் கணக்கு மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இலை போடும் சிறு விவசாயிகளுக்குத் தரும் எடைச்சீட்டின் டெம்ப்ளேட்டுகளுக்கு ஃபைல் பெயரின் கடைசியில் வரும் பின்னொட்டாக ‘.சீட்டு’ என்று நீங்களே வைத்துவிட்டீர்கள். (தமிழில் வைக்கலாமா என்றால், தாராளமாக வைக்கலாம். இன்றைய ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள் முகம் சுளிப்பதில்லை.) நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் திறந்தால் எல்லா வரியும் ஒரே நிறத்தில் கிடக்கிறது.

நிறம் வர மூன்று வேலைகள் வரிசையாக நடக்க வேண்டும். ஃபைலின் பெயரைப் பார்த்து எடிட்டர் அது எந்த மொழி என்று முடிவுசெய்கிறது. அந்த மொழியின் இலக்கண விதிகள் எது கீவேர்டு (மொழிக்கே உரிய சொல்), எது ஸ்ட்ரிங் (மேற்கோள் குறிக்குள் வரும் உரை) என்று பிரிக்கின்றன. பிரித்தவற்றுக்குத் தீம் நிறம் பூசுகிறது. நம்மவர்கள் முதலில் கைவைப்பது கடைசியில் இருக்கும் தீமில்தான். நாலு தீம் மாற்றியும் நிறம் வராது. கோளாறு பெரும்பாலும் முதல் வேலையில் இருக்கிறது.

விண்டோஸில் ‘ஓப்பன் வித்’ மூலம் சரிசெய்யப் பார்ப்பவர்களும் உண்டு. ஃபைலை எந்த புரோகிராமில் திறப்பது என்பதோடு அதன் வேலை முடிந்தது.

விஎஸ் கோடில் கீழே வலது மூலையில் ‘ப்ளெயின் டெக்ஸ்ட்’ என்று இருப்பதைச் சொடுக்கி மொழியை மாற்றினால் நிறம் உடனே வந்துவிடும். ஆனால் அது அந்த ஒரு ஃபைலுக்குத்தான். அடுத்த சீட்டைத் திறந்தால் பழைய கதை. அதே பட்டியலின் மேல்பகுதியில் ‘கான்ஃபிகர் ஃபைல் அசோசியேஷன்’ என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால்தான் அந்தப் பின்னொட்டுக்கே நிலையாகப் பதியும். சப்லைம் டெக்ஸ்டில் ‘வியூ’, ‘சின்டாக்ஸ்’ போய், ‘ஓப்பன் ஆல் வித் கரன்ட் எக்ஸ்டென்ஷன் ஆஸ்’ என்பது இதே வேலையைச் செய்கிறது.

செட்டிங்ஸ் ஃபைலில் கையால் எழுதுகிறவர்கள் இரண்டு இடங்களில் சறுக்குவார்கள். ஒன்று, நட்சத்திரக் குறி. விஎஸ் கோடில் ‘*.சீட்டு’ என்று எழுத வேண்டும். நட்சத்திரத்தை விட்டுவிட்டால் ‘.சீட்டு’ என்பதையே முழுப் பெயராகக் கொண்ட ஃபைலை மட்டும் அது தேடும். நோட்பேட் ப்ளஸ் ப்ளஸில் நேர்மாறு: பின்னொட்டை எழுதும் பெட்டியில் நட்சத்திரமும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம். இன்னொன்று, மொழியின் பெயர். திரையில் ‘சி ப்ளஸ் ப்ளஸ்’ என்று தெரியும் மொழிக்கு உள்ளே அடையாளம் ‘சிபிபி’. மொழிப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் இருப்பதை அப்படியே, சின்ன எழுத்து பெரிய எழுத்து மாறாமல் எடுத்தெழுதுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, நிறத்துக்காக மட்டும் ஒரு மொழியைக் கட்டிவைப்பது. எடைச்சீட்டில் வெப் பக்கங்களுக்கான சில எச்டிஎம்எல் குறிகள் இருக்கின்றன, சரி, எச்டிஎம்எல் என்றே சொல்லிவிடுவோம் என்று தோன்றும். நிறம் அழகாக வரும். ஆனால் மொழி என்று சொன்னதும் அந்த மொழிக்கான, வரிகளை ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டரும் பிழை சொல்லும் லின்டரும் கூடவே வந்து உட்காரும். ‘சேவ் செய்யும்போது ஃபார்மேட் செய்’ என்ற செட்டிங் இயங்கிக்கொண்டிருந்தால் சேவ் செய்த நொடியில் இடைவெளிகளெல்லாம் சுருங்கிவிடும். எச்டிஎம்எல்லுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இடைவெளியை எண்ணி எண்ணித் தேதி, கிலோ, ஈரத்துக்குக் கழிக்கும் எடை, நிகர எடை என்று பத்திகளை நேர்படுத்திய பிரிண்டர் சீட்டுக்கு அது பெரிய கேடு. எண்கள் ஒன்றோடொன்று ஒட்டி அச்சானால், எடை போடும் இடத்தில் நிற்கும் விவசாயிக்கு என்ன பதில் சொல்வது? மொழியை ஒட்டும்போதே அந்த மொழிக்கு அந்த ‘ஃபார்மேட் ஆன் சேவ்’ செட்டிங்கை அணைத்துவிடுவது நல்லது. அதேபோல, டேட்டாவை எழுதிவைக்கும் ஜேசன் ஃபைலில் குறிப்பு எழுதும் பழக்கமுள்ளவர்கள் ‘ஜேசன் வித் காமென்ட்ஸ்’ என்ற தனி மொழியைத் தேர்ந்தெடுத்தால் வீணான சிவப்புக்கோடுகள் வராது.

பொதுவான பின்னொட்டுகளில் வலையை அகலமாக வீசுவதும் வேண்டாம். ‘*.டிஎக்ஸ்டி’ எல்லாம் இனி நம் டெம்ப்ளேட் என்று பொது செட்டிங்கில் எழுதினால் சாதாரணக் குறிப்பு ஃபைலும் அதில் மாட்டும். ஃபோல்டரோடு சேர்த்து எழுதுங்கள். சாய்கோடு உள்ள வடிவத்தை விஎஸ் கோட் முழுப் பாதையோடு ஒப்பிடும். அதனால் முன்னால் ‘**/’ போட மறக்காதீர்கள்.

நமக்கென்றே உருவாக்கிய மொழி என்றால் பெயர் கொடுப்பது மட்டும் போதாது. ஊட்டி பஸ்ஸில் கோத்தகிரி போர்டை மாட்டினால் பஸ் கோத்தகிரி போய்விடுமா? இலக்கண விதிகள் கொண்ட எக்ஸ்டென்ஷன் (எடிட்டரில் கூடுதலாக நிறுவும் துணை மென்பொருள்) வேண்டும். விம் எடிட்டரிலும் அப்படியே: ‘எஃப்டிடிடெக்ட்’ ஃபோல்டரில் இருப்பது மொழியைக் கண்டுபிடிக்கத்தான், நிறத்துக்கான விதிகள் ‘சின்டாக்ஸ்’ ஃபோல்டரில் தனியாக இருக்க வேண்டும்.

அப்புறம், அசோசியேஷனைத் தன் கணினியில் மட்டும் வைத்துக்கொண்டால் கூட வேலை செய்பவருக்கு நிறம் வராது. புராஜெக்ட்டுக்குள் இருக்கும் ‘.விஎஸ்கோட்’ ஃபோல்டரின் செட்டிங்ஸில் எழுதி, கோடைக் குழுவோடு பகிர உதவும் ‘கிட்’ கருவியில் சேர்த்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷனையும் ‘விஎஸ்ஐஎக்ஸ்’ ஃபைலாக ஒரு பென்டிரைவில் வைத்திருப்பேன் நான். ஐப்பசி மழையில் மரம் விழுந்து லைன் அறுந்தால் கோத்தகிரியில் டவுன்லோடை நம்ப முடியாது. விஎஸ்ஐஎக்ஸ் இருந்தால் நெட் இல்லாமலே நிறுவலாம்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் விஎஸ் கோடின் கட்டளைகளைத் தேடும் பெட்டியான கமாண்ட் பேலட்டில் ‘இன்ஸ்பெக்ட் எடிட்டர் டோக்கன்ஸ் அண்ட் ஸ்கோப்ஸ்’ என்று தேடி இயக்குங்கள். கர்சர் நிற்கும் சொல் எந்த மொழியாக, எந்த வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும். மொழி தவறென்றால் அசோசியேஷனைப் பாருங்கள். மொழி சரி, வகை மட்டும் இல்லை என்றால் இலக்கண விதியில் குறை. இரண்டும் சரியென்றால் மட்டும் தீம் பக்கம் போகலாம். எடை மெஷின் கக்கும் டேட்டாவில் ஒரே வரி மட்டும் நிறமில்லாமல் இருந்தால் அதன் நீளத்தைப் பாருங்கள்: 20,000 எழுத்துகளைத் தாண்டிய வரிக்கு விஎஸ் கோட் நிறம் பிரிப்பதில்லை. அந்த வரம்பையும் செட்டிங்ஸில் கூட்டலாம், ஆனால் எடிட்டர் திணறும்.