இலை உதிரும் காலத்தில் குழுவாக பைக் பயணம்: குறுக்குச் சாலைகளில் யாரையும் தொலைக்காமல் ஓட்ட

நெடுஞ்சாலையில் ஏழெட்டு பைக் சேர்ந்து போவதில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை, வழி ஒன்றுதான். கிராமத்துக் குறுக்குச் சாலைகளில் அப்படியல்ல. சற்று தூரத்துக்கு ஒரு முச்சந்தி வரும், ஒரு வளைவு திரும்பினால் முன்னால் போனவர் கண்ணில் இருக்கமாட்டார். இலை உதிரும் பருவமென்றால் ஈர இலையும், கண்ணைக் குத்தும் தாழ்ந்த வெயிலும், சீக்கிரம் சாயும் பொழுதும் கூடச் சேர்ந்துகொள்ளும். பைக் நன்றாக ஓட்டத் தெரியும், குழுவோடு போவதுதான் புதிது என்பவர்களுக்கு இந்தச் செய்முறை.

1. ஆளும் தூரமும்

முதல் முறைக்கு 5 முதல் 7 பைக் போதும். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, பத்து நிமிட இடைவெளியில் கிளப்புங்கள்.

இத்தகைய சாலைகளில் சிறு நிறுத்தங்களையும் சேர்த்தால் சராசரி வேகம் மணிக்கு 40 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். 150 கி.மீ. என்பது ஏறக்குறைய நான்கு மணி நேரம், சாப்பாட்டு நேரம் தனி. சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடியும்படி பின்னிருந்து கணக்குப் போடுங்கள். அந்திநேரம் மான்கள் சாலையைக் கடக்கும் நேரம். ஒன்று தாண்டினால் பின்னால் இன்னும் இரண்டு வரும்.

பெட்ரோல் கணக்குக்குக் குழுவிலேயே சின்ன டேங்க்தான் அளவுகோல். அந்த பைக் முழு டேங்கில் 240 கி.மீ. ஓடுமென்றால் 160-க்குள் எல்லோரும் நிரப்பிவிட வேண்டும்.

2. வழியை எல்லோரிடமும் கொடுத்துவிடுங்கள்

வழியை ஜிபிஎக்ஸ் கோப்பாக (ஜிபிஎஸ் கருவிகளும் வரைபடச் செயலிகளும் படிக்கும் கோப்பு) அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதில் ‘ரூட்’, ‘டிராக்’ என்று இரண்டு வகை உண்டு. ரூட்டாக அனுப்பினால் இடையிலுள்ள சில புள்ளிகள் மட்டுமே போகும், அவற்றுக்கு நடுவே வழி கண்டுபிடிப்பது ஒவ்வொரு கருவியின் இஷ்டம். ஒருவருடையது அழகான ஆற்றோரச் சாலையைக் காட்டும், இன்னொருவருடையது ‘இதுதான் சீக்கிரம்’ என்று நெடுஞ்சாலைக்கு இழுத்துப் போகும். டிராக்காக அனுப்பினால் போட்ட கோடு போட்டபடியே இருக்கும். சிக்னல் இல்லாத இடங்களுக்கு ஓஎஸ்எம்-ஆண்ட் செயலியில் வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளலாம். அதோடு ஊர்ப்பெயர்களை வரிசையாக எழுதிய ஒரு துண்டுத்தாள் டேங்க் பையில் இருக்கட்டும். அதற்கு சார்ஜ் தீராது.

3. கிளம்பும் காலையில்

டயர் காற்றை வண்டி நகரும் முன்பே பாருங்கள். வெப்பநிலை 5–6 டிகிரி இறங்கினால் அழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ குறையும். கோடையில் 30 டிகிரியில் நிரப்பிவிட்டு அப்படியே விட்ட டயர், 8 டிகிரி காலையில் 3, 4 பிஎஸ்ஐ குறைவாகக் காட்டும். பங்க்கில் உள்ள மீட்டரை நம்புவதைவிடச் சொந்தமாக ஒரு கேஜ் வைத்திருப்பது மேல்.

10 டிகிரி குளிரில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போனால் உடம்புக்கு 4 டிகிரி போலத்தான் இருக்கும். முதலில் மரத்துப்போவது விரல்கள். விரல் மரத்தால் பிரேக் லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. ஆகவே செலவழிக்க வேண்டியது முதலில் கையுறைக்கு, பிறகுதான் ஜாக்கெட்டுக்கு. கறுப்பு விசர் போட்டு வருபவர் நிறமற்ற விசர் ஒன்றையும் கையில் வைத்திருக்க வேண்டும். மூச்சுப் பட்டு மங்காமலிருக்க உள்பக்கம் பின்லாக் தகடு நல்லது, தெளிக்கும் மருந்தெல்லாம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நம்ப முடியாது.

4. வரிசை

நேர்ச்சாலையில் ஒரே லேனுக்குள் மாற்றி மாற்றி: லீடர் நடுக்கோட்டை ஒட்டிய பாதியில், அடுத்தவர் ஓரத்தை ஒட்டிய பாதியில். குறுக்கே முன்னால் இருப்பவருக்கும் உங்களுக்கும் 1 விநாடி, நேர் முன்னால் இருப்பவருக்கும் உங்களுக்கும் 2 விநாடி. 60 கி.மீ. வேகத்தில் 2 விநாடி என்றால் 33 மீட்டர். வளைவு தொடங்கும் முன்பே ஒற்றை வரிசைக்கு வந்து, 2 விநாடிக்கு மேல் இடம் விடுங்கள்.

முந்துவது ஒவ்வொருவராகத்தான். முன்னால் போனவர் ‘வா’ என்று கையசைத்தாலும் உங்கள் கண்ணால் பார்க்காமல் போகாதீர்கள். அவர் பார்த்தது அவருக்கான இடைவெளி.

5. முச்சந்தியில் ஆள் நிறுத்துவது

முதல் பயணங்கள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். முறை இது: லீடர் எப்போதும் முதல், ‘ஸ்வீப்’ எப்போதும் கடைசி. திருப்பம் வந்ததும் லீடர் கையால் ஓரிடத்தைக் காட்டுவார். அவருக்குப் பின்னால் வருபவர் அங்கே ஓரமாக நின்று, திரும்பவேண்டிய பக்கத்து இண்டிகேட்டரைப் போட்டு, வருகிறவர்களுக்கு வழி காட்டுவார். மற்றவர்கள் போய்விட, கடைசியில் ஸ்வீப் வருவார். வேகத்தைக் குறைத்து நின்றவரை முன்னால் விடுவார். அடுத்த திருப்பத்தில் இப்போது இரண்டாவதாக இருப்பவர் நிற்பார். யாரும் யாரையும் துரத்திக்கொண்டு ஓட்டவேண்டியதில்லை.

இதை உடைப்பவை நான்கு.

ஒன்று, நின்றவர் பொறுமையிழந்து கிளம்புவது. ஸ்வீப் வரும்வரை நகரக்கூடாது, சிறுநீர் கழிக்கக்கூட. ஸ்வீப் வரவில்லையென்றால் பின்னால் யாருக்கோ பஞ்சர் என்று பொருள். ஏழு பேர் குழுவில் நடுவில் ஐந்து பேர். அந்த ஐந்து பேரும் ஆளுக்கொரு முச்சந்தியில் நின்றுவிட்டால் லீடரின் கண்ணாடி காலியாகிவிடும். அதுதான் அவருக்கான தகவல். வந்த வழியே திரும்பினால் எல்லோரும் விட்ட இடத்தில் இருப்பார்கள்.

இரண்டு, அடுத்தடுத்த திருப்பங்கள். முதல் திருப்பத்தில் ஒருவரை இறக்கிவிட்டு லீடர் வேகமெடுத்தால், ஐம்பது மீட்டரில் வரும் இரண்டாவது திருப்பத்தில் நிறுத்த ஆள் இருக்காது. கண்ணாடியில் அடுத்த பைக்கின் விளக்கு தெரியும்வரை மெதுவாகவே போகவேண்டும்.

மூன்று, ஸ்வீப்பை அடையாளம் தெரியாமல் போவது. மங்கலான பருவம், பாதிப் பேர் மஞ்சள் ஒளிர்சட்டையோடு வருவார்கள். ஸ்வீப்புக்கு மட்டும் ஆரஞ்சு என்று வைத்துவிடுங்கள். தலையெண்ணும் வேலை வேண்டாம், வேறு குழுவின் பைக் நடுவில் நுழைந்தால் கணக்குத் தப்பும்.

நான்கு, நிற்கும் இடம். வளைவு முடிந்த உடனே நிறுத்தாதீர்கள். இலை மூடிய ஓரத்தில் பள்ளம் இருப்பது தெரியாது, ஈரமண்ணில் சைடு ஸ்டாண்டு மெல்ல மெல்லப் புதையும். கீழே வைக்க உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தகடு ஒன்று ஜாக்கெட் பையில் இருந்தால் போதும்.

இன்டர்காம் லீடருக்கும் ஸ்வீப்புக்கும் மட்டும் போதும் என்பது என் கட்சி. ஏழு பேர் காதிலும் ஏழு பேர் பேசினால் யாரும் சாலையைப் பார்ப்பதில்லை.

6. சாலையில் எதைப் பார்ப்பது

நிழல்தான் இந்தப் பருவத்தின் துப்பு. மரநிழல் விழுந்த வளைவில் காலை ஈரம் மதியம்வரை காயாது, இலையின் மேல்பக்கம் உலர்ந்து தெரிந்தாலும் அடிப்பக்கம் வழுவழுவென்றிருக்கும். தவிர்க்க முடியாமல் அதன்மேல் போகவேண்டியிருந்தால் முன்பே வேகம் குறைத்து, பைக்கை நிமிர்த்தி, பிரேக்கும் த்ராட்டிலும் தொடாமல் கடந்துவிடுங்கள். வயல் வாசல்களில் டிராக்டர் சக்கரம் உதிர்த்த சேறு கிடக்கும். பாலங்கள் கீழிருந்தும் குளிர்வதால் அங்கேதான் முதலில் உறையும்.

உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் நீண்டு விழுகிறதா? வெயில் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது, அவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள் என்றே வைத்து ஓட்டுங்கள்.

பின்சேர்க்கை: புதியவரை எங்கே வைப்பது?

லீடருக்கு அடுத்து வைக்கச் சொல்வது வழக்கம். காரணம் உண்டு: முன்னவர் திருப்பம் முடிந்து வேகமெடுக்கும்போது பின்னவர் இன்னும் திரும்பிக்கொண்டிருப்பார், விட்டதைப் பிடிக்க அவர் இன்னும் வேகமாகப் போகவேண்டும். வால் பக்கம் போகப் போக இந்த இழுப்பு கூடும். ஆனால் 5-ஆம் படியின்படி இரண்டாவதாக இருப்பவர் முதல் முச்சந்தியிலேயே நின்று வாலுக்குப் போய்விடுவாரே என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. புதியவர் ஒருவர்தான் என்றால் அவரை லீடரின் பின்னால் நிரந்தரமாக வைத்து, அவருக்குப் பின்னால் வருபவரே நிற்கவேண்டும் என்று கிளம்பும் முன் எல்லோர் காதிலும் போட்டுவிடுங்கள். அப்போது கண்ணாடியில் புதியவர் மட்டும் மிஞ்சினாலே லீடர் திரும்பவேண்டும். புதியவர்கள் இருவர், மூவர் என்றால் இது சரிவராது. அந்த நாளில் லீடர் நேர்ச்சாலையிலும் 60-க்கு மேல் போகாமலிருப்பதுதான் வழி.